டிரிங்கோமலி கப்பலுக்கு ரயிலில் போங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்லிபூல் துறைமுகத்தில், திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. தேக்கு மரத்தில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் கடலில் இறக்கினார்கள். பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்னும் மிதப்பவற்றுள் ஆக மூத்தது இதுதான். கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் வயதில் இதற்கும் மூத்தது. ஆனால் அது 1922 முதல் போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கிறது.

இந்தக் கப்பலைப் பற்றிக் கதை எடுத்தால், இங்கே இருக்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "கார் இல்லாமல் போகலாமா?" என்றுதான். தாராளமாகப் போகலாம். கார் வைத்திருப்பவர்களையும் அதை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போகும்படி சொல்வேன். பெட்ரோல் செலவு ஒரு காரணம், அவ்வளவுதான். பெரிய காரணம் வேறு. அந்தக் கப்பல் ஏன் அந்த ஊரில் நிற்கிறது என்பது ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது விளங்குகிற மாதிரி நெடுஞ்சாலையில் போகும்போது விளங்காது. கப்பல்துறையும் ரயில் பாதையும் இந்தக் கரையில் ஒன்றுக்காக ஒன்று கட்டப்பட்டவை. நிலக்கரி எந்த வழியாகக் கடலுக்கு வந்ததோ அந்த வழியாகவே நாமும் வந்து இறங்குகிறோம்.

ஹார்ட்லிபூலுக்கு மட்டும் இது பொருந்தும் என்றில்லை. போர்ட்ஸ்மத் ஹார்பர் ரயில் நிலையத்தின் பிளாட்பாரம் கடலுக்கு மேலே தூண்களில் நிற்கிறது. ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் 1860-இல் கடலில் இறங்கிய வாரியர் கப்பல் கண் முன்னே. ஸ்காட்லாந்தின் டண்டீயில் நிலையத்துக்கு எதிரிலேயே அண்டார்டிகா போய் வந்த டிஸ்கவரி கப்பல் நிற்கிறது. பிரிஸ்டல் கதை எல்லாவற்றையும்விட அழகானது: லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ரயில் பாதை போட்ட பொறியாளர் புரூனல்தான், ரயிலில் வந்தவர்கள் அப்படியே கப்பலேறி நியூயார்க் போகட்டும் என்று கப்பல் கட்டவும் இறங்கினார். அந்த வரிசையில் இரண்டாவதாக அவர் கட்டிய எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் இன்றும் பிரிஸ்டலில் இருக்கிறது. டெம்பிள் மீட்ஸ் நிலையத்தில் இறங்கினால் துறைமுகத்துக்குள் ஓடும் சிறு படகில் அதன் பக்கம் போய்ச் சேரலாம். கிரீனிச்சில் இருக்கும் கட்டி சார்க்குக்குப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். டி.எல்.ஆர். ரயில் வாசலுக்கே கொண்டுபோய் விடும், அது வசதிதான். ஆனால் ஒரு வழியாவது தேம்ஸில் படகில் போங்கள். தேயிலை ஏற்றி வந்த கப்பலைத் தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் உயரம் தெரியும்.

சரி, ஹார்ட்லிபூலுக்கு வருவோம்.

போன கோடையில் திருகோணமலையிலிருந்து மாமா வந்திருந்தார். எழுபது தாண்டியவர். முழங்காலில் நோவு உண்டு, ஆனால் உட்கார்ந்து இருக்கமாட்டார். லண்டனில் எல்லோரும் கூட்டிப் போகும் இடங்களுக்கெல்லாம் போய் முடித்த பிறகு, "இங்கை எங்கட ஊர்ப் பேரிலை ஒரு கப்பல் நிக்குதாம், அது எங்கை தம்பி?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது.

அங்கே போக மூன்று வழி. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கிராண்ட் சென்ட்ரல் ரயில் ஹார்ட்லிபூல் வழியாகச் சண்டர்லாந்து வரை போகிறது. மாறி ஏற வேண்டியதில்லை, ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆனால் நாளுக்கு ஒருசில ரயில்கள்தான். அதில் மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டை எடுத்துவிட்டு வேறு கம்பெனியின் ரயிலில் ஏறினால் செல்லாது, அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது வழி, பெரிய பாதையில் டார்லிங்டன் வரை போய், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் தோர்னபி, தோர்னபியில் மாறி ஹார்ட்லிபூல். மூன்றாவது, நியூகாசில் வரை போய்விட்டுக் கரையோரப் பாதையில் தெற்கே திரும்பி வருவது. லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு இது சுற்றுவழி. நாங்கள் போனது இதில்தான். கையில் நேரம் இருக்கிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

டார்லிங்டன் வழியையும் குறைத்துச் சொல்ல மனமில்லை. டார்லிங்டனிலிருந்து தோர்னபி போகும் பாதையின் சில துண்டுகள் 1825 செப்டம்பர் 27 அன்று திறந்த ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையின் மேலேயே போகின்றன. நீராவி இயந்திரம் இழுத்த முதல் பொது ரயில் பாதை அது. டிரிங்கோமலி கடலில் இறங்கி எட்டு வருடம் கழிந்த பிறகுதான் அது திறந்தது. ரயில் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே கடலுக்கு வந்துவிட்ட கப்பலைப் பார்க்க, ரயில் பிறந்த பாதையிலேயே போகலாம். அதற்காகத் திரும்பி வரும்போது அந்த வழியைப் பிடித்தோம்.

மாமாவுக்கு சீனியர் ரயில்கார்டு எடுத்துக் கொடுத்தேன். அறுபது வயதைக் கடந்த யாரும் எடுக்கலாம், பிரிட்டனில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு இது தெரியாமல் முழு விலை கொடுக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பாசஞ்சர் அசிஸ்ட் என்ற இலவச உதவி. முன்கூட்டிச் சொல்லி வைத்தால், நிலைய ஊழியர் ஒருவர் வந்து ரயிலில் ஏற்றிவிடுவார், மாறும் இடத்தில் கைபிடித்து இறக்கிவிடுவார். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். கூச்சப்படத் தேவையில்லை. அதற்கென்றே வைத்திருக்கும் சேவை அது.

நியூகாசிலில் ஹார்ட்லிபூல் பக்கம் போகும் ரயிலில் ஏறியதும் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். கடல் அந்தப் பக்கம்தான். சிறிய டீசல் ரயில், பெட்டிகள் குறைவு. ஏறக்குறைய மணிக்கு ஒன்று ஓடுகிறது, ஹார்ட்லிபூல் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். முதல் பாதி நகரம்தான். டைன் ஆற்றைக் கடந்து, வீடுகளின் பின்புறங்களைப் பார்த்துக்கொண்டே சண்டர்லாந்துக்கு வருகிறோம். அங்கே நிலையம் தரைக்குக் கீழே இருக்கிறது. நியூகாசிலின் மெட்ரோ ரயில்களும் இதே தண்டவாளத்தில், இதே பிளாட்பாரத்துக்கு வருகின்றன. 2002-இல் தொடங்கிய ஏற்பாடு.

சண்டர்லாந்தில் ரயில் நின்றபோது மாமாவிடம் சொன்னேன், டிரிங்கோமலியும் ஒரு காலத்தில் இந்த ஊரில் நின்ற கப்பல்தான் என்று. போர்க்கடமை முடிந்த பிறகு 1860-களில் அதைப் பயிற்சிக் கப்பலாக்கி முதலில் சண்டர்லாந்திலும் பிறகு மேற்கு ஹார்ட்லிபூலிலும் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாம் ரயிலில் போகும் அதே துண்டைக் கப்பலும் கடல்வழியாகப் போயிருக்கிறது. மாமா ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப இது எங்களுக்கு முன்னாலையே இந்த ரூட்டிலை போயிட்டுது" என்றார்.

சீஹாமைத் தாண்டியதும் பாதை திறந்துகொள்கிறது. சீஹாமிலிருந்து ஹார்ட் வரையான இந்தத் துண்டு 1905-இல்தான் வந்தது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் விளிம்பையொட்டி ரயில் ஓடுகிறது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் புல்மேடு, அதற்குக் கீழே வடகடல். நடுநடுவே கடலை நோக்கி இறங்கும் ஆழமான மரப் பள்ளத்தாக்குகள். அவற்றை உயரமான பாலங்களில் கடக்கிறோம். பாலத்தின் மேல் போகும் சில நொடிகள் கீழே மர உச்சிகளும் அதற்கு அப்பால் ஒரு துண்டுக் கடலும் தெரிகின்றன. கார்ச் சாலை இவ்வளவு கிட்ட வருவதில்லை.

இந்த அழகு பழையதல்ல. ஈசிங்டன், ஹோர்டன், பிளாக்ஹால் என்று வரிசையாக நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த கரை இது. சுரங்கக் கழிவைப் பல பத்து வருடங்களாகக் கடற்கரையிலேயே கொட்டினார்கள். மணல் கறுப்பு, அலையும் கறுப்பு. 1993-இல் ஈசிங்டன் சுரங்கம் மூடிய பிறகுதான் அது நின்றது. 1997 முதல் 2002 வரை கரையைத் துப்புரவாக்கும் பெரிய வேலை நடந்தது. மிச்சத்தைக் கடல் தானாகவே கழுவிக்கொண்டிருக்கிறது. ஹோர்டன் நிலையமும் பல பத்து வருடம் மூடிக் கிடந்து 2020-இல் திரும்பத் திறந்தது. ரயில் அங்கே நின்றபோது ஒரு பெண் நாயோடு இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்து போனார். சுரங்கம் போன பிறகு அந்த ஊர்களுக்குக் கிடைத்தது குறைவு. ஒரு ரயில் நிலையம் திரும்பி வந்தது பெரிய விஷயம்தான்.

அந்த நிலக்கரியால்தான் மேற்கு ஹார்ட்லிபூல் என்ற ஊரே பிறந்தது. ரால்ஃப் வார்ட் ஜாக்சன் என்ற வழக்கறிஞர் துறைமுகத்தையும் ரயிலையும் சேர்த்து நடத்திய மனிதர். 1847-இல் அவருடைய துறைமுகம் திறந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் மணல்மேடும் சில வீடுகளும்தான். சில பத்து வருடங்களில் அது பழைய ஹார்ட்லிபூலைவிடப் பெரிய ஊராகிவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். டிரிங்கோமலி இன்று நிற்கும் துறைக்கும் அவர் பெயர்தான், ஜாக்சன் டொக். நிலையத்திலிருந்து கப்பலுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம் போதும். அவ்வளவு கிட்ட இருப்பது தற்செயல் இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ரயிலை அங்கே கொண்டுவந்ததே அந்தத் துறைக்காக.

மாமாவின் முழங்காலை நினைத்து டாக்சி பிடிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம், மெல்ல நடப்பம்" என்றார். நிலையத்தை விட்டு வெளியே வந்து, கடல் பக்கம் போக வழிகாட்டிப் பலகை பார்த்து நடந்தால் போதும், பாதை மேடுபள்ளம் இல்லாதது. ஆனால் காற்று உண்டு. கோடையிலும் மேலங்கி வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் கட்டடங்களுக்கு மேலாகப் பாய்மரங்கள் தெரியத் தொடங்கின. மூன்று கம்பங்கள், அவற்றில் குறுக்குத்தடிகள், சிலந்தி வலை மாதிரிக் கயிறுகள். மாமா நின்று, மூச்சு வாங்கி, பார்த்துவிட்டு நடந்தார். அடுத்த திருப்பத்தில் திரும்பவும் நின்றார். கார் நிறுத்துமிடத்தில் இறங்கி நேரே டிக்கெட் கவுண்டருக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைக்காது.

கப்பலைச் சுற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டுத் துறைமுகத் தெரு ஒன்றை மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். 1990-களில் கட்டியது, இன்று பிரிட்டிஷ் கடற்படையின் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. பிள்ளைகளோடு போனால் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்குக் கப்பல்தான் முக்கியம்.

உள்ளே போனதும் மாமா முதலில் செய்த காரியம், பக்கச் சுவரின் உட்பலகையைத் தொட்டது. விரல் நுனியால் மட்டும் இல்லை, உள்ளங்கை முழுவதையும் வைத்து, மரத்தின் ரேகையோடு இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். "தேக்கு தம்பி. வயசு போனாலும் தேக்கு தேக்குத்தான்." துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மரத்தில் அவருக்குச் சந்தேகம் வராது.

மரத்தின் கதை இதுதான். நெப்போலியனோடு நடந்த நீண்ட போர்களில் பிரிட்டனின் ஓக் மரம் தீர்ந்துகொண்டு வந்தது. மலபார்க் காடுகளின் தேக்கு பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. அங்கே வாடியா குடும்பம் பரம்பரையாகக் கப்பல் கட்டியது. சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு வந்த பார்சிகள். டிரிங்கோமலியைக் கட்டியவர் ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா. 1816-இல் அடிக்கட்டை வைத்தபோது பார்சி முறைப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, அது இரும்பு ஆணியைத் துருப்பிடிக்காமல் காக்கும். ஓக்கில் இருக்கும் அமிலமோ இரும்பை அரிக்கும். இந்தக் கப்பல் இருநூறு வருடம் தாண்டியும் மிதப்பதற்கு அந்த எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. திருத்திக் கட்டிய பிறகும் இதில் பாதிக்கு மேல் பழைய மரமே இருக்கிறது.

இன்னொரு கதை மாமாவுக்கு நிறையப் பிடித்தது. இந்த வகைக் கப்பலின் வரைபடங்களை லண்டனிலிருந்து பம்பாய்க்கு முதலில் அனுப்பியது எச்.எம்.எஸ். ஜாவா என்ற கப்பலில். 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கப்பல் ஜாவாவை அடித்து வீழ்த்தியது. வரைபடமும் போய்விட்டது. திரும்ப வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று, அதனால் வேலையும் பிந்தியது. அப்படி வழிமறித்த கான்ஸ்டிடியூஷனும் இன்று பாஸ்டன் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதற்கும் நகரத்தின் பொதுப் படகில் போகலாம், சார்ல்ஸ்டவுன் கடற்படைத் துறையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

கட்டி முடித்து 1819-இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்தபோது போர் முடிந்து நாலு வருடம். தேவையில்லை என்று கம்பங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு நிறுத்திவிட்டார்கள். கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1845-க்குப் பிறகுதான் பீரங்கிகளைக் குறைத்து, பின்புறத்தை மாற்றிக் கட்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். முதலில் மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கா. பிறகு 1852 முதல் 1857 வரை பசிபிக். இருநூறு வருட வாழ்க்கையில் உண்மையான கடற்பயணம் பத்து வருடம்கூட வராது என்று கணக்குப் போட்டுச் சொன்னார் மாமா. அதுவே அதைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகம் ஓடிய கப்பல்களெல்லாம் விறகாகிவிட்டன.

கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, பின்பக்கமாகத் திரும்பி இறங்குவது நல்லது. மாமா மெல்ல இறங்கினார். அங்கே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. உத்தரங்கள் நெற்றியளவில் ஓடுகின்றன. மாலுமிகளின் தொங்குபடுக்கைகள் தோளோடு தோள் முட்டும் நெருக்கம். உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் மேல்தளத்திலேயே நின்று பார்த்தாலும் குறையில்லை, பீரங்கிகளும் அங்கிருந்தே நன்றாகத் தெரிகின்றன.

பயிற்சிக் கப்பல் வாழ்க்கை முடிந்ததும் 1897-இல் உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். அந்த வருடம்தான் நெல்சனின் பழைய ஃபூட்ராய்ண்ட் கப்பல் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. அதை வைத்திருந்த வீட்லி காப் என்ற செல்வந்தர், உடைக்கிறவர்களிடமிருந்து டிரிங்கோமலியை வாங்கி, இழந்த கப்பலின் பெயரையே இதற்கு வைத்தார். ஆகவே ஏறக்குறைய தொண்ணூறு வருடம் நம் கப்பலுக்குத் திருகோணமலைப் பெயர் இல்லை. ஃபால்மத்திலும் பிறகு போர்ட்ஸ்மத்திலும் பிள்ளைகள் கடல் பழகும் கப்பலாக 1986 வரை உழைத்தது. போர்ட்ஸ்மத்தில் அதற்குப் பக்கத்திலேயே நின்ற இம்ப்ளேக்கபிள், டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் போரிட்ட பழைய கப்பல். அதைக் காக்கப் பணம் இல்லை என்று 1949-இல் இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி ஆங்கிலக் கால்வாய்க் கடலில் மூழ்கடித்தார்கள். இதற்கும் அது நடந்திருக்கலாம்.

1987-இல் ஒரு தெப்பத்தில் ஏற்றி ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் இங்கே? இந்த ஊரின் கப்பல் கட்டும் தளங்கள் 1960-களின் தொடக்கத்தில் மூடிவிட்டன, ஆனால் கை மறக்கவில்லை. வாரியர் கப்பலை 1979 முதல் இங்கேதான் திருத்தினார்கள். அது முடிந்து போர்ட்ஸ்மத் போன அதே 1987-இல் டிரிங்கோமலி வந்தது. வாரியரில் வேலை பழகியவர்கள் இதையும் எடுத்துச் செய்தார்கள். 1992-இல் பழைய பெயர் திரும்பியது, 2001-இல் வேலை முடிந்தது. ஆக, போர்ட்ஸ்மத் ஹார்பர் பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில் இன்று நாம் பார்க்கும் வாரியரும் ஹார்ட்லிபூல் கைகள் மீட்ட கப்பல்தான்.

இந்தத் துறையில் தவறவிடக் கூடாத இன்னொரு கப்பல் உண்டு. பெரும்பாலானோர் திரும்பிப் பார்க்காமலே போகிறார்கள். விங்ஃபீல்ட் காசில் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல், 1934-இல் ஹார்ட்லிபூலிலேயே வில்லியம் கிரே தளத்தில் கட்டியது. ஹம்பர் ஆற்றில் ஹல் நகருக்கும் நியூ ஹாலண்டுக்கும் இடையில் ரயில் கம்பெனிக்காக ஓடியது. நியூ ஹாலண்டில் ரயில் நீண்ட பாலத்தில் ஆற்றுக்குள்ளேயே போய் நிற்கும். இறங்கிக் கப்பலேற வேண்டும். மறுகரையில் ஹல் கார்ப்பரேஷன் பியர் என்று ஒரு ரயில் நிலையம். டிக்கெட் கவுண்டர் இருந்தது, தண்டவாளம் ஒருநாளும் இருந்ததில்லை! ரயில் டிக்கெட்டில் கப்பல் ஏறுகிற இடம், அவ்வளவுதான். 1974-இல் இந்தக் கப்பல் ஓய்வு பெற்றது, 1981-இல் ஹம்பர் பாலம் திறந்ததும் அந்தப் படகுச் சேவையே முடிந்தது. இதன் அக்கா தங்கை முறையான டாட்டர்ஷல் காசில் லண்டனில் தேம்ஸ் கரையில் நிற்கிறது, எம்பேங்க்மென்ட் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பொதுப் போக்குவரத்தில் கப்பல் பார்க்கப் போகிறவர்களுக்கு, பொதுப் போக்குவரத்தாகவே வாழ்ந்த ஒரு கப்பல். நான் அதன் முன்னால் நின்ற நேரம் அதிகம்.

திரும்பும் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் மணிக்கு ஒன்று என்றால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். கடற்காற்றில் அது நீண்ட நேரம். போகும்போதே திரும்பும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் பிந்தித் தொடங்கும், தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், கரையோரக் காட்சியும் போய்விடும். முடிந்தால் வார நாளில் போங்கள். குளிர்காலத்தில் அருங்காட்சியகம் திறக்கும் நாட்களைப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள். நேரம் மிஞ்சினால் பழைய ஹார்ட்லிபூலுக்கு, கடலுக்குள் நீண்ட முனைக்கு, உள்ளூர் பஸ்ஸில் போய் வரலாம். 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் குண்டு பொழிந்த இடம் அது. புனித ஹில்டா தேவாலயம் அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவழிப் பஸ் கட்டணத்துக்கு 2025 தொடக்கத்தில் 3 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள், அதனால் அது பெரிய செலவில்லை.

நாங்கள் தோர்னபி வழியாகத் திரும்பினோம். சீட்டன் கேரூவைத் தாண்டியதும் காட்சி முழுக்க மாறுகிறது: ஒரு பக்கம் அணுமின் நிலையம், இரசாயன ஆலைக் குழாய்கள், நடுவில் உப்புச் சதுப்பு. அழகு என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்தக் கரை எதைச் செய்து பிழைத்தது என்பதைக் காட்டும் பாதை. மாமா திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் கல்ஓயாச் சந்தியில் பிரிந்து விடிய விடியத் திருகோணமலைக்கு வந்து சேர்வது, தண்டவாளம் அங்கேயே முடிவது, நிலையத்திலிருந்து கடல் எவ்வளவு கிட்ட என்பது எல்லாம் சொன்னார். துறைமுகத்துக்குப் போடுகிற ரயில் பாதை எங்கே என்றாலும் இப்படித்தான் முடியும் என்பது அவர் வாதம்.

டிரிங்கோமலியைப் பார்த்து ஆசை தீராதவர்களுக்கு: இதே வகையில் கட்டிய கப்பல்களில் இன்று மிஞ்சியிருப்பது இன்னும் ஒன்றே ஒன்றுதான், எச்.எம்.எஸ். யூனிகார்ன். 1824-இல் சாத்தமில் கடலில் இறக்கி, கம்பம் நாட்டாமலே கூரை போட்டு நிறுத்திவிட்ட கப்பல். இப்போது டண்டீயில் நிற்கிறது. கூரை போட்டிருந்த காலத்தில் டிரிங்கோமலி எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். ஹார்ட்லிபூலிலிருந்து நியூகாசிலுக்குத் திரும்பி, அங்கிருந்து நேரடி ரயில் உண்டு. வடக்கே போகும்போது கடல் வலதுபக்கம், இருக்கையை அந்தப் பக்கம் எடுங்கள். ஃபோர்த் பாலமும் டே பாலமும் வழியில் வரும். டண்டீயில் இறங்கினால் எதிரில் டிஸ்கவரி, அங்கிருந்து ஆற்றங்கரையோடு கொஞ்சம் நடந்தால் யூனிகார்ன். காலையில் போய்ச் சேர்ந்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.